நிறுத்தப்பட்ட காரும் நிற்காத ஊகமும்

2021 ஜனவரி 28, வியாழக்கிழமை மாலை. மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், க்ரெமாஸி தெருவருகே ஒரு காரைப் பொலிஸ் அதிகாரி நிறுத்தினார். வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசியைப் பயன்படுத்தினார் என்பது சாரதி மீதான குற்றச்சாட்டு. சாரதியின் பெயர் மமாடி கமாரா. வயது 31. கினி நாட்டிலிருந்து வந்து பொலிடெக்னிக் மொன்றியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். டிக்கெட் எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி சஞ்சய் விக் தன் வாகனத்துக்குத் திரும்பினார். அப்போது ஒருவர் அவரைத் தாக்கி, துப்பாக்கியைப் பறித்து, சுட்டுவிட்டுத் தப்பியோடினார்.

நடந்ததைக் கண்ட கமாரா 911 ஐ அழைத்துத் தகவல் சொன்னார். பொலிஸார் அவரைச் சாட்சியாக விசாரித்துவிட்டுப் போகவிட்டனர். அன்றிரவே திரும்பவும் பிடித்துக் கைது செய்தனர். கொலை முயற்சி உட்படக் கடுமையான குற்றச்சாட்டுகள் அவர்மேல் விழுந்தன. அவருடைய மனைவி அப்போது இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். ஆறு நாள் தடுப்புக்காவலுக்குப் பிறகு, பெப்ரவரி 3 ஆம் திகதி, அரச தரப்பு வழக்கறிஞரே வழக்கை நிறுத்தும்படி நீதிமன்றத்தைக் கேட்டார். கியூபெக் போக்குவரத்து அமைச்சின் கண்காணிப்புக் கருவி ஒன்று அந்த இடத்தைப் பதிவு செய்திருந்தது. அந்தக் காட்சியில் வேறொருவர் இருந்தார். இரண்டு நாள் கழித்து, டி.என்.ஏ. முடிவும் கமாராவை விடுவித்துவிட்டது என்று அறிவித்து, நகரப் பொலிஸ் தலைவர் சில்வான் கரோன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மார்ச் மாதம் ரொறன்ரோவில் இன்னோர் இளைஞர் கைதானார். அலி ங்கருகியே என்னும் அவரைக் கொலை முயற்சிக் குற்றவாளி என ஜூரி பின்னர் தீர்த்தது.

ஒரு சாலை நிறுத்தம், அதன் பின்னே ஒரு கொடுங்குற்றம், இரண்டையும் இணைத்து எழும் ஊகம்: உலகெங்கும் மக்கள் இந்த மூன்றையும் வைத்துப் பேசித் தீர்க்கிறார்கள். “அவனை முன்பே நிறுத்தினார்களாமே, ஏன் விட்டார்கள்?” என்பது ஒரு வகை. “அது தற்செயலாக நிறுத்தியதல்ல, முன்பே தெரிந்துதான் நிறுத்தினார்கள்” என்பது மற்றொரு வகை. மொன்றியல் வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இப்படி ஊகிப்பது பொதுமக்கள் மட்டும் செய்கிற காரியமல்ல என்பது தெரியும். சீருடைக்குள்ளிருந்தும் அதே ஊகம் கிளம்பும். இரண்டும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன: காலத்தாலும் இடத்தாலும் அருகருகே இருக்கும் இரு நிகழ்ச்சிகளைக் காரணத்தாலும் பிணைத்துவிடுவதில்.

அருகில் நின்றவர்

கமாராவுக்கு எதிராக அன்று மாலை இருந்ததை எண்ணிப் பார்ப்போம். தாக்கப்பட்ட அதிகாரி சற்று முன்பு நிறுத்திப் பேசியது அவரோடு. டிக்கெட் வாங்கியவருக்குக் கோபம் வரலாம் என்று எவரும் நினைப்பார்கள். அவர் அந்த இடத்திலேயே இருந்தார். இவ்வளவையும் சேர்த்தால் ஒரு கதை கிடைக்கிறது. தொடக்கமும் காரணமும் முடிவும் அதற்கு உண்டு. எதிர்ப்பக்கத்தில் இருந்தவை கதையாகக் கோக்க வராதவை: அவசர இலக்கத்தை அழைத்தது அவரே, ஓடாமல் நின்றவர் அவர், பறிபோன துப்பாக்கி அவரிடம் இல்லை. குற்றம் செய்தவர் தானே பொலிஸை அழைத்துவிட்டு அங்கேயே காத்திருப்பது நடக்காததல்ல. ஆனால் அதை நம்புவதற்கு முன் பக்கத்துச் சாலையின் காணொளியை எடுத்துப் பார்ப்பதற்குப் பெரிய அறிவியல் எதுவும் தேவையில்லை.

கியூபெக் அரசு இந்தக் கைதை ஆராயும் பொறுப்பை நீதிபதி லூயி டியோனிடம் ஒப்படைத்தது. அன்று பொலிஸார் கையிலிருந்த தகவல்களின்படி கைதுக்கு நியாயமான காரணம் இருந்தது, இனத்தைக் கருதி நடத்தியதாகச் சொல்ல ஆதாரமில்லை என்று 2021 இல் வெளியான அவருடைய அறிக்கை முடிவு சொன்னது. பலருக்கு இந்த முடிவு கசந்தது. சட்டத்தின் கேள்வியும் வாழ்க்கையின் கேள்வியும் வெவ்வேறு என்பதை நினைவில் வைத்தால் கசப்பின் காரணம் புரியும். சட்டம் கேட்பது: அந்த நேரத்தில் தெரிந்ததைக் கொண்டு ஒரு நிதானமான அதிகாரி சந்தேகப்பட்டிருக்க முடியுமா? ஆறு நாள் உள்ளே இருந்தவர் கேட்பது: சந்தேகத்தைச் சரிபார்க்க எவ்வளவு முயன்றீர்கள்? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் கிடைப்பதால் இரண்டாவது கேள்வி அடங்கிவிடுவதில்லை. கமாரா நகராட்சிமேல் தொடுத்த இழப்பீட்டு வழக்கு பின்னர் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தவறான ஊகம் ஒரு நிரபராதியை உள்ளே வைத்தது மட்டுமல்ல, பறித்த துப்பாக்கியோடு போனவரை வெளியே விட்டது. முதல் ஆறு நாள், ஒரு புலன்விசாரணையில் மிக விலைமதிப்புள்ள நாள்கள், தவறான வாசலில் கழிந்தன.

பொலிஸ் அதிகாரியின் உடலில் ஒளிப்பதிவுக் கருவி இருந்திருந்தால் இந்த ஆறு நாளும் ஆறு மணி நேரமாகச் சுருங்கியிருக்கக்கூடும். மொன்றியல் பொலிஸ் சேவை 2016 - 2017 இல் அப்படிப்பட்ட கருவிகளைச் சோதித்துப் பார்த்தது. செலவும் சிக்கலும் அதிகம், பயன் அவ்வளவாக இல்லை என்று கூறி 2019 இல் அத்திட்டத்தை ஒத்திவைத்தது. ஆகவே உண்மையைச் சொல்லும் வேலை, வாகன நெரிசலைப் பார்ப்பதற்காக வைத்த கருவியின் தலையில் விழுந்தது.

ஒன்பது நிமிட இடைவெளி

இனி பொதுமக்களின் ஊகத்துக்கு வருவோம். இதற்கு அண்மைக்காலத்தின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில் இருக்கிறது.

2022 நவம்பர் 13 அதிகாலை, ஐடஹோ மாநிலத்தின் மொஸ்கோ என்னும் பல்கலைக்கழக ஊரில் நான்கு மாணவர்கள் குத்திக் கொல்லப்பட்டனர். டிசெம்பர் 7 ஆம் திகதி, வெள்ளை நிற ஹியுண்டாய் எலான்ட்ரா ஒன்றைத் தேடுவதாகப் பொலிஸார் பொதுமக்களிடம் அறிவித்தனர். டிசெம்பர் 15 அன்று, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி, இன்டியானா மாநிலத்தின் 70 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒரு வெள்ளை எலான்ட்ராவை உள்ளூர் பொலிஸ் அதிகாரி நிறுத்தினார். முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போனதாகக் காரணம் சொல்லி, எச்சரித்து அனுப்பினார். ஒன்பது நிமிடத்தில் அதே காரை மாநிலப் பொலிஸ் அதிகாரி ஒருவர் அதே காரணத்துக்காக மறுபடியும் நிறுத்தி, அவரும் எச்சரித்து அனுப்பினார். ஓட்டியவர் பிரையன் கோபெர்கர். பக்கத்தில் அவருடைய தந்தை. டிசெம்பர் 30 அன்று பென்சில்வேனியாவில் கோபெர்கர் கைதானார். சில நாளில் அந்த இரு நிறுத்தங்களின் காணொளிகளும் வெளிவந்தன.

நாடே துப்பறிவாளராக மாறிற்று. ஒரே காரை ஒன்பது நிமிட இடைவெளியில் இருமுறை நிறுத்துவது எப்படித் தற்செயலாக இருக்கும்? எஃப்.பி.ஐ. பின்தொடர்ந்திருக்கிறது, அவருடைய கைகளில் காயம் இருக்கிறதா என்று படமெடுக்க உள்ளூர் பொலிஸைக் கொண்டு நிறுத்தியிருக்கிறது என்று பேசப்பட்டது. சில ஊடகங்களும் பெயர் சொல்லாத வட்டாரங்களை மேற்கோள் காட்டி அப்படியே எழுதின. அந்த நிறுத்தங்களைத் தாம் கேட்கவுமில்லை, வழிநடத்தவுமில்லை என்று எஃப்.பி.ஐ. அறிக்கை விட்டது. மறுப்பு வந்ததே ஊகத்துக்குச் சாட்சியாயிற்று: இல்லாவிட்டால் ஏன் மறுக்கிறார்கள்?

பின்னாளில் வெளிவந்த விசாரணையின் காலவரிசைதான் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. கொலை நடந்த வீட்டில் கிடந்த கத்தி உறையில் டி.என்.ஏ. இருந்தது. அதை மரபுவழித் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டு, உறவினர் கிளைகளைத் தொடர்ந்து, கோபெர்கர் என்ற பெயரை விசாரணையாளர்கள் அடைந்தது டிசெம்பர் 19. இன்டியானாவில் கார் நின்றதற்கு நான்கு நாள் பின்னால். அவருடைய கைத்தொலைபேசிப் பதிவுகளைக் கேட்டு ஆணை பெற்றது டிசெம்பர் 23. பெயரே கைக்கு வராதபோது பின்தொடர முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் நெடுஞ்சாலையில் நடந்தது. பழம் விழுந்த ஓசை பெரிதாக இருந்ததால் காக்கைக்கு இவ்வளவு பலமா என்று ஊர் வியந்தது.

ஆனால் ஊகித்தவர்களை முற்றாக முட்டாள்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. இதே வழக்கில் ஓர் உண்மையான சாலை நிறுத்தம் உண்மையாகவே உதவியது. அது வேறு நிறுத்தம், யாரும் பேசாத நிறுத்தம். கொலைகளுக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்பு, 2022 ஆகஸ்ட் 21 அன்று, மொஸ்கோவில் மாவட்டப் பொலிஸ் அதிகாரி ஒருவர் கோபெர்கரின் காரை நிறுத்தியிருந்தார். அப்போது அவர் கொடுத்த தொலைபேசி இலக்கம் பதிவேட்டில் தங்கியிருந்தது. விசாரணையாளர்கள் பின்னர் எந்த இலக்கத்தின் நடமாட்டத்தைத் தேடுவது என்று அறிந்தது அந்தப் பதிவிலிருந்து. நவம்பர் 29 அன்றே, அவர் படித்துவந்த வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொலிஸார், வளாகத்து வாகனங்களில் வெள்ளை எலான்ட்ராக்களைத் தேடியபோது அவருடைய காரைக் கண்டு குறித்து வைத்திருந்தனர். காரைக் கண்டது ஒருபுறம், பெயர் வந்தது மறுபுறம். இரண்டும் சந்திக்கச் சில வாரங்கள் பிடித்தன. 2025 ஜூலையில் கோபெர்கர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நான்கு ஆயுள் தண்டனைகள், ஒன்று முடிந்து மற்றொன்றாக, விதிக்கப்பட்டன.

கண்ணைக் கவர்ந்த காணொளியில் ஒன்றுமில்லை. ஒரு பதிவேட்டின் ஒரு வரியில் விஷயம் இருந்தது. இந்தப் பாடத்தைக் கனடாவின் மிகப் பெரிய துயரமொன்று இன்னும் கடுமையாகக் கற்பித்தது.

போலிப் பொலிஸ் கார்

2020 ஏப்ரல் 18 இரவு தொடங்கி மறுநாள் முற்பகல் வரை, நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கேப்ரியல் வொர்ட்மன் என்பவர் 22 பேரைக் கொன்றார். கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யின் அசல் காரைப் போலவே அலங்கரித்த காரை ஓட்டிக்கொண்டு அவர் சாலைகளில் திரிந்தார். பொலிஸ் என்று நம்பியவர்களுக்குத் தப்ப வழியிருக்கவில்லை. அந்தக் காரின் படத்தை ஆர்.சி.எம்.பி. பொதுமக்களுக்கு வெளியிட்டபோது மறுநாள் காலை பத்து மணி தாண்டிவிட்டது.

இந்தக் கொலைகளுக்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 12 அன்று, வேகமாக ஓட்டியதற்காக வொர்ட்மனை ஆர்.சி.எம்.பி. அதிகாரி ஒருவர் நிறுத்தியிருந்தார். அவர் ஓட்டி வந்தது பொலிஸ் சேவையிலிருந்து கழித்துவிடப்பட்டு, அரசின் உபரிப் பொருள் விற்பனையில் விலைபோகும் வகை கார். அதிகாரி அதையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் படம் கொலை நடந்த இரவில் தேடுதலுக்குக் கைகொடுத்தது.

இங்கேயும் ஊகம் கிளம்பிற்று, பலமடங்கு பலத்தோடு. நிறுத்தியும் ஏன் விட்டார்கள்? பழைய பொலிஸ் கார்களை ஒருவர் வாங்கிக் குவிப்பதை யாரும் கேட்கவில்லையா? கொலைகளுக்கு முன்னர் அவர் பிரிங்க்ஸ் நிறுவனக் கிளையில் 475,000 டொலரை ரொக்கமாகப் பெற்றார் என்ற செய்தி வெளியானதும் ஊகம் உச்சத்துக்குப் போயிற்று: அவர் ஆர்.சி.எம்.பி.யின் இரகசியத் தகவலாளியாக இருந்திருக்க வேண்டும், ஆகவேதான் காப்பாற்றப்பட்டார். பொதுவிசாரணை ஆணைக்குழு ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து 2023 மார்ச் 30 அன்று அறிக்கை வெளியிட்டது. அவர் தகவலாளி என்பதற்கு ஆதாரமில்லை; பணம் அவருடையது. ஆனால் அதே அறிக்கை ஆர்.சி.எம்.பி.யின்மேல் வைத்த குறைகள் ஊகத்தைவிடக் கனமானவை. பல ஆண்டுகளாக அவருடைய வன்முறையைப் பற்றி அயலவர்கள் சொல்லியும் கவனிக்காமை, எச்சரிக்கையைப் பொதுமக்களுக்குத் தாமதமாக அறிவித்தமை, கண்ணால் கண்டவர்கள் சொன்னதை நம்பாமை எனப் பட்டியல் நீண்டது.

ஊகத்தின் உண்மையான தீங்கு இங்கே தெரிகிறது. “இரகசியத் தகவலாளி” என்ற கதையில் ஒரு மர்மம் இருக்கிறது. அதை மறுத்துவிட்டால் நிறுவனத்தின் பொறுப்பு கழிந்தது போலத் தோன்றுகிறது. புறக்கணிக்கப்பட்ட ஓர் அயலவரின் முறைப்பாட்டில் மர்மம் எதுவுமில்லை, ஆகவே அதைப் பற்றி இரவு முழுக்க யாரும் பேசமாட்டார்கள். பெரிய சதியைத் தேடுகிறவர்கள், சிறிய அலட்சியங்களின் அடுக்கை நிறுவனங்கள் மறைத்துக்கொள்ளத் தாமறியாமலே உதவுகிறார்கள்.

ஐயத்துக்கும் ஒரு வரலாறு

பொலிஸ் சொல்லும் வாகனச் சோதனைக் கதையை நம்பாதிருப்பது தமிழருக்குப் புதிதல்ல. 2004 ஒக்டோபர் 18 இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே ஓர் ஆம்புலன்ஸைத் தமிழ்நாடு சிறப்பு அதிரடிப்படை மறித்தது. உள்ளே வீரப்பனும் மூன்று கூட்டாளிகளும். ஓட்டி வந்தவரே மாறுவேடத்தில் இருந்த காவலர். சரணடையச் சொன்னோம், சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது விஜயகுமார் தலைமையிலான படை. முன்பே பிடித்துக் கொன்றுவிட்டுக் கொண்டுவந்து போட்டார்கள் என்ற பேச்சு அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. மனித உரிமை அமைப்புகளும் கேள்வி எழுப்பின. இருட்டில் நடந்த நிகழ்ச்சி; உயிரோடு திரும்பியவர்கள் ஒரே தரப்பினர்; அவர்கள் சொன்னதே பதிவு. அப்படிப்பட்ட இடத்தில் ஐயம் முளைப்பது இயல்பு. அதை மூடநம்பிக்கை என்று சொல்வது அதிகாரத்துக்கு வசதியான விடை.

ஈழத்திலிருந்து வந்து மொன்றியலில் குடியேறியவர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. சோதனைச் சாவடியில் நிற்பதன் பொருள் அவர்களுக்கு வேறு. பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-டே-நேஜ் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் கறுப்பினக் குடும்பங்களோடும் அரபுக் குடும்பங்களோடும் அயலவராக வாழ்கின்றன. “நிறுத்தினால் நிறுத்தட்டும், மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்” என்ற பேச்சு அங்கேயும் கேட்கும். கமாராவின் மடியில் ஒரு டிக்கெட்டைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

ஆகவே ஐயப்படுவதா நம்புவதா என்ற கேள்வியே பிழையாக வைக்கப்பட்டது. எந்த ஐயத்தை ஆவணத்தால் தீர்க்க முடியும், எதைத் தீர்க்க முடியாது என்பதே பயனுள்ள கேள்வி. கோபெர்கர் வழக்கில் திகதிகள் தீர்த்தன. நோவா ஸ்கோஷியாவில் பொதுவிசாரணை தீர்த்தது. மொன்றியலில் ஒரு காணொளி தீர்த்தது. பாப்பாரப்பட்டியில் தீர்க்கும் பதிவு எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை.

பிடிபட்டவர்கள் எப்படிப் பிடிபட்டார்கள்?

பொலிஸாருக்கு எந்தக் காரணமுமின்றி வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் வேண்டும் என்று வாதிடுபவர்கள், சாலை நிறுத்தத்தில் சிக்கிய பெரும் கொலையாளிகளின் பெயர்களை அடுக்குவார்கள். பட்டியல் உண்மையானது. ஒவ்வொன்றையும் சற்று உற்றுப் பார்ப்போம்.

டெட் பண்டி முதன்முதலில் சிக்கியது 1975 ஆகஸ்ட் 16 அதிகாலை, யூட்டாவில். ரோந்து வண்டியைக் கண்டதும் விளக்கை அணைத்துவிட்டு அவருடைய ஃபோக்ஸ்வாகன் விரைந்தது. துரத்திப் பிடித்தபோது உள்ளே கைவிலங்கும் முகமூடியும் கடப்பாரையும் இருந்தன. ஒக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற குண்டுவெடிப்புக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தின் பின், 1995 ஏப்ரல் 19 அன்று, திமொத்தி மக்வேயை நெடுஞ்சாலை அதிகாரி ஒருவர் நிறுத்தியது காரின் பின்னால் இலக்கத்தகடு இல்லாததால். சட்டவிரோதத் துப்பாக்கிக்காகச் சிறையில் வைக்கப்பட்டிருந்த அவர்தான் குண்டு வைத்தவர் என்று இரண்டு நாள் கழித்தே தெரிந்தது. தாமதித்திருந்தால் பிணையில் போயிருப்பார். நியூயோர்க்கின் தொடர்கொலையாளி ஜோயல் ரிஃப்கினும் 1993 இல் சிக்கியது இலக்கத்தகடு இல்லாததால்தான். இங்கிலாந்தில் பீட்டர் சட்கிளிஃப் 1981 ஜனவரி 2 அன்று ஷெஃபீல்டில் பிடிபட்டது, நின்றிருந்த அவருடைய காரின் இலக்கத்தகடு பொய்யானது என்று இரு காவலர்கள் கண்டுபிடித்ததால்.

நான்கிலும் கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்று இருந்தது. அணைந்த விளக்கு, இல்லாத தகடு, பொய்யான தகடு. சாரதியின் முகத்தைப் பார்த்து, அல்லது ‘இன்று யாரை நிறுத்தலாம்’ என்று பார்த்து நிறுத்தியவை அல்ல. காரணமற்ற நிறுத்தத்துக்கு ஆதரவாக இவற்றை எடுத்துக்காட்டுவது, வாதத்துக்கு எதிரான சாட்சியை வாதிக்காக அழைப்பதாகும்.

சட்கிளிஃப் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. 13 பெண்களைக் கொன்ற அவரை அதற்கு முன்பே பொலிஸார் ஒன்பது முறை விசாரித்திருந்தனர். அவருடைய கார் சில பகுதிகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்தது. தகவல்கள் காகித அட்டைகளில், ஒன்றோடொன்று பேசாமல், மலைபோலக் குவிந்து கிடந்தன. தானே கொலையாளி என்று சொல்லி ஒருவர் அனுப்பிய போலி ஒலிநாடாவை நம்பி, அதில் கேட்ட வட்டாரப் பேச்சுவழக்கு இல்லாதவர்களைக் கழித்து விட்டார்கள். அந்த ஒலிநாடாவும் ஓர் ஊகம்தான். பொலிஸே வாங்கி வளர்த்த ஊகம். மேலும் நூறு கார்களை நிறுத்தியிருந்தாலும் பயனில்லை. நிறுத்தியதை எழுதி, எழுதியதைத் தேட முடிந்திருந்தால் பயனிருந்திருக்கும்.

மொன்றியல் கேட்ட கேள்வி

காரணமின்றி நிறுத்தும் அதிகாரத்துக்குக் கனடா உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது 1990 இல், லடூசர் வழக்கில். ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அதை ஏற்றனர், நால்வர் மறுத்தனர். ஒரு வாக்கு வித்தியாசம். மது அருந்தி ஓட்டுவது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவது ஆகியவற்றைத் தடுக்க இந்த அதிகாரம் தேவை என்பது பெரும்பான்மையின் எண்ணம். கியூபெக்கில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் 636 ஆம் பிரிவு அதே அதிகாரத்தை எழுத்தில் தந்தது.

அதிகாரம் யார்மேல் விழுகிறது என்பது 2019 ஒக்டோபரில் எண்ணாக வெளிவந்தது. மொன்றியல் பொலிஸ் சேவையே கேட்டுப் பெற்ற ஆய்வை விக்டர் ஆர்மனி, மரியம் ஹசாவி, மசிமிலியானோ மூலோன் ஆகிய மூவர் செய்திருந்தனர். வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவரும் பழங்குடியினரும் அடையாளச் சோதனைக்கு உள்ளாகும் வாய்ப்பு நான்கிலிருந்து ஐந்து மடங்கு. பழங்குடிப் பெண்களுக்குப் பதினொரு மடங்கு. அரபு மக்களுக்கு இரு மடங்கு. 2023 இல் அதே ஆய்வாளர்கள் இரண்டாம் அறிக்கையில், குற்ற விசாரணையோடு தொடர்பில்லாத சோதனைகளை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தனர். புதிய பொலிஸ் தலைவர் ஃபாடி டாகர் பாகுபாடு இருப்பதை ஏற்றுக்கொண்டார், நிறுத்திவைக்க மறுத்தார்.

ஜோசஃப்-கிறிஸ்தோஃபர் லுவாம்பா என்ற கறுப்பின இளைஞர் 2019 இல் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவர். ஒன்றரை ஆண்டுக்குள் ஏறத்தாழப் பன்னிரண்டு முறை நிறுத்தப்பட்டதாகவும், ஒருமுறைகூட டிக்கெட் தரப்படவில்லை என்றும் அவர் வழக்குத் தொடுத்தார். 2022 ஒக்டோபர் 25 அன்று கியூபெக் மேல் நீதிமன்ற நீதிபதி மிஷெல் யெர்ஜோ, காரணமற்ற சாலை நிறுத்தத்துக்கு இடமளிக்கும் விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். இனத்தைப் பார்த்து நிறுத்துவது ஆய்வாளர்களின் கற்பிதமல்ல, மனிதர்கள் அன்றாடம் சுமக்கும் பாரம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2024 ஒக்டோபர் 23 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கியூபெக் அரசின் மேன்முறையீட்டை 2025 இல் கனடா உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. இதற்கிடையே, 2024 செப்டெம்பரில், கியூபெக் கறுப்பினக் கூட்டணி தொடுத்த கூட்டு வழக்கில், பொலிஸ் சேவைக்குள் நிலவும் முறைசார்ந்த இனப்பாகுபாட்டுக்கு மொன்றியல் நகராட்சி பொறுப்பு என்று நீதிபதி டொமினிக் பூலான் தீர்த்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கச் சொன்னார்.

லுவாம்பா தீர்ப்பால் பொலிஸின் கை கட்டப்படுகிறது, கொலைகாரர்கள் தப்புவார்கள் என்று எச்சரிப்பவர்களுக்குப் பதில் மேலே சொன்ன நான்கு பெயர்களில் இருக்கிறது. விளக்கு எரியாத வண்டியை, தகடில்லாத வண்டியை, வேகமாகப் போகும் வண்டியை நிறுத்த இத்தீர்ப்பு எங்கும் தடுக்கவில்லை. மது அருந்தியவர்களைப் பிடிக்க ஒழுங்குபடுத்தி நடத்தும் சாலைச் சோதனைகளும் தொடரலாம். தடுக்கப்படுவது, எதையும் காணாமலே ஒருவரை நிறுத்துவது மட்டும்.

நேர்மையாகச் சொல்வதென்றால், இந்தத் தீர்ப்பு கமாராவைக் காப்பாற்றியிருக்காது. அவரை நிறுத்தியதற்குத் தொலைபேசி என்ற காரணம் சொல்லப்பட்டது. சட்டம் வண்டி நிற்கும் வரைக்குமே அவருக்குத் துணை வர முடியும். நின்ற பிறகு ஒருவர் சாட்சியாக இருப்பதா சந்தேகநபராக மாறுவதா என்பதை முடிவு செய்வது புலன்விசாரணையின் ஒழுக்கம். யாரைப் பிடித்தோம் என்பதற்கு முன் எதைப் பார்த்தோம் என்று கேட்கும் பழக்கம் அது. அது இல்லாத இடத்தில், எவ்வளவு நல்ல சட்டமும் முதல் ஆறு நாளுக்கு எட்டாது.

வாசகருக்கு மூன்று கேள்வி

அடுத்த கொலை வழக்கில் அடுத்த காணொளி வரும். ஒரு கார் சாலையோரம் நிற்கும், ஜன்னலருகே ஓர் அதிகாரி குனிந்திருப்பார், உள்ளே இருப்பவரின் முகம் நமக்கு முன்பே தெரியும். பார்ப்பவருக்குத் தெரிந்தது அந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்கும் என்று நாம் எண்ணிவிடுவோம். மூன்று கேள்விகள் இந்த மயக்கத்தைத் தெளியவைக்கும்.

முதலாவது, சந்தேகநபரின் பெயர் விசாரணையாளர்களுக்குக் கிடைத்த திகதி எது, வண்டி நின்ற திகதி எது? பெரும்பாலான சதிக்கதைகள் இந்த இரு திகதிகளையும் பக்கத்தில் வைத்தவுடன் சரிந்துவிடும். சரியாதவை உண்மையிலேயே விசாரிக்கத்தக்கவை. இரண்டாவது, வண்டியை நிறுத்தச் சொன்ன காரணம் என்ன, அதை வண்டியிலேயே கண்ணால் காண முடிந்ததா? இதற்குப் பதில் வராவிட்டால், அங்கே நிற்பது கொலையாளியா நிரபராதியா என்பதைக் கணக்கில் கொள்ளாமலே கேள்வி எழுப்பலாம். மூன்றாவது, அந்த நிறுத்தம் எழுத்தில் எதை விட்டுச் சென்றது, பிறகு யாராவது அதை எடுத்துப் படித்தார்களா?

மூன்றாவது கேள்விதான் பொலிஸை அதிகம் சங்கடப்படுத்தும், பொதுமக்களோ அதை மிகக் குறைவாகவே கேட்கிறார்கள். “தெரிந்தே விட்டார்கள்” என்ற குற்றச்சாட்டை ஒரு மறுப்பறிக்கையால் தட்டிவிடலாம். “தெரிந்துகொள்ளக் கையில் இருந்ததை ஏன் பார்க்கவில்லை?” என்ற கேள்வியை அப்படித் தட்ட முடியாது. க்ரெமாஸியில் அந்தக் காட்சி முதல் நாளே பதிவாகியிருந்தது. அதைக் கொண்டு ஒருவரை விடுவிக்க ஏன் ஆறாம் நாள் வரை ஆயிற்று என்பதற்கு விடை தேடுவது, எந்தச் சதியைத் தேடுவதைவிடவும் மொன்றியலுக்கு அதிகப் பயன் தரும்.